மாடு போட்ட பத்து நோட்டு

— அப்போ நீங்கதான் பண்ணியிருக்கீங்க.

— நான்தான் மாமா. இந்தக் குடும்பத்துல லேமினேஷன் மிஷின் வேற யார்கிட்ட இருக்கு?

— சிரிக்காதீங்க மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னாடியே என் பொண்ணுகிட்டச் சொன்னேன், ஜெராக்ஸ் கடைக்காரர் கையில எது சிக்கினாலும் ஒண்ணு நகல் எடுப்பார், இல்லேன்னா பிளாஸ்டிக் உறை போடுவார்னு. நல்லவேளை, பெத்த குழந்தையை விட்டு வச்சிருக்கீங்க.

— அது ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது மாமா.

— இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? சுதந்திரம் வந்த வருஷம், இந்த நாடு தன் பேர்ல அடிச்ச முதல் வெளியீட்டுப் பத்து நோட்டு. ஒரு தேசத்தின் முதல் மூச்சு.

— மூச்சு வெளிய போயிடாம ஒட்டிட்டேன்.

— முதல் வெளியீடு மொத்தத்தையும் வச்சிருக்கிறது இந்த ஊர்லயே நான் ஒருத்தன். குறிச்சுக்குங்க. சாயங்காலம் கண்காட்சி. தலைநகரத்துலேர்ந்து நடுவர் வந்து இறங்கிட்டார். மெடல் எனக்குத்தான்னு நம்ம நோட்டு சேர்க்கறவங்க சங்கத்துல எல்லாருமே பேசிக்கறாங்க.

— எல்லாருமேன்னா ஏழு பேர் மாமா. அதுல பாதிப் பேர் டீக்கு வர்றவங்க.

— எண்ணிக்கை முக்கியமில்ல. இத்தனை வருஷமா நான்தான் தலைவர், குறிச்சுக்குங்க.

— வேற யாரும் நிக்கலையே.

— பேச்சை மாத்தாதீங்க. உறை போட்ட நோட்டைக் கண்காட்சி வாசலைத் தாண்டவே விடமாட்டாங்க. விதியில இருக்கு.

— தெரியும். அந்த விதியை எழுதினது நீங்க, டைப் அடிச்சது நான்.

— தெரிஞ்சே செஞ்சீங்களா?

— தெரிஞ்சேதான்.

— மாப்பிள்ளை, என் கோவம் காகிதத்துக்காக இல்ல. இதை நான் விலைக்கு வாங்கல. உங்க அத்தை கொண்டுவந்தது. அவங்கப்பா அச்சாபீஸ்ல படம் செதுக்கறவர். முதல் சம்பளத்துல ஒரு நோட்டைத் தனியா எடுத்து வச்சு, பொண்ணு கல்யாணத்தன்னைக்கு அவ கையில கொடுத்தார். என்னை ஓரமாக் கூப்பிட்டு, என்ன கஷ்டம் வந்தாலும் இதை எந்தக் கடையிலயும் நீட்டிடாதீங்கன்னு கண் கலங்கச் சொன்னார். என்ன தேசபக்தி பாருங்க. மேடைக்கு மேடை நான் சொல்லியிருக்கேன்.

— மேடைக்கு மேடை நாங்களும் கேட்டிருக்கோம் மாமா.

— இந்த ஒரு நோட்டுக்கு ஜோடி சேர்க்கப் போய்த்தான் மத்ததையெல்லாம் தேடி அலைஞ்சேன். அவங்கப்பா நோட்டுக்கு மெடல் கிடைக்கிறதைப் பார்க்கணும்னு அவ புதுப் புடவை எடுத்து வச்சிருக்கா. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

— மருமகன் ஒரு மூளை கெட்டவன்னு சொல்லுங்க. அத்தை நம்புவாங்க. அதுக்குத்தானே பழியை என் தலையில போட்டுக்கிட்டேன்.

— என்ன, பொடி வச்சுப் பேசறீங்க?

— உக்காருங்க மாமா. விழா மலரோட அட்டைக்கு வேணும்னு நடுவர் தன்னோட பத்து நோட்டைப் படமெடுத்து அனுப்பினாரே. அதையும் உங்களோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணினேன். உங்க நோட்டுல போட்டிருக்கிற மாட்டுக்கு நாலு கால்.

— மாட்டுக்கு நாலு கால்னு கண்டுபிடிக்க ஒரு கம்ப்யூட்டர் வேணுமாக்கும்.

— அவரோட மாட்டுக்கு மூணுதான்.

— அப்போ அவர் வச்சிருக்கிறது கள்ள நோட்டு.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். உங்க பேரை எடுக்காம, போன்ல மெதுவாக் கேட்டுப் பார்த்தேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். புது சர்க்காராம், எல்லாத்துலயும் அவசரமாம். படம் வரைஞ்சவர் பின்னங்கால் ஒண்ணை மறந்துட்டார், மந்திரி அதுக்குக் கீழயே கையெழுத்தும் போட்டுட்டார். ஊர் பூரா பரவினப்புறம் யாரோ ஒரு விவசாயி எண்ணிப் பார்த்துச் சொன்னானாம். அடுத்த வெளியீட்டுல மாட்டையே எடுத்துட்டாங்க. மாடு போட்ட பத்து நோட்டுல அசல் அத்தனைக்கும் மூணு கால்தான். நாலு காலோட எது வந்தாலும் கள்ள நோட்டு. நோட்டு சேர்க்கிற எல்லாருக்கும் இது தெரியுமாம்.

— எல்லாருக்குமா?

— இந்தப் பத்து நோட்டுல உங்களோடதைத் தவிர வேற ஒண்ணை நீங்க பார்த்ததே இல்லையே மாமா.

— மலர்ல கட்டுரை வேற எழுதியிருக்கேனே. மாட்டின் நாலு கால்களும் குடியரசின் நாலு தூண்கள்னு.

— அது மலர்ல வராது. மிஷின்ல பேப்பர் சிக்கிடுச்சு.

— எல்லாப் பிரதியிலயுமா?

— எல்லாத்துலயும், சரியா அந்தப் பக்கங்கள் மட்டும். பொல்லாத மிஷின்.

— மாப்பிள்ளை.

— சொல்லுங்க மாமா.

— அந்த நடுவர் சபை நடுவுல பூதக்கண்ணாடியை வச்சுக் கால் எண்ணியிருப்பார். உங்க அத்தை முதல் வரிசையில உக்காந்திருப்பா. உங்களை நான் இதுநாள் வரைக்கும் வாய் திறந்து பாராட்டினதில்ல.

— ஒரு தடவை, கடைக்கு நல்ல வெளிச்சம்னு சொன்னீங்க.

— அது கட்டடத்தைச் சொன்னது. எத்தனையோ கூட்டத்துல நன்றியுரை பேசியிருக்கேன். ஒண்ணுலகூட மனசுல நன்றி இருந்து பேசினதில்ல. அதனால இப்ப வார்த்தை வர மாட்டேங்குது. நல்லா இருக்கணும் நீங்க.

— விடுங்க மாமா. இதுக்குப் போய்.

— ஒண்ணே ஒண்ணு. பாவம், அந்த மனுஷர் முதல் சம்பளத்துலயே எவனோ கள்ள நோட்டைத் தள்ளி விட்டிருக்கான். அது தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டார். உங்க அத்தை காதுக்கு இது போகவே கூடாது.

— என் வாயால போகாது மாமா.

— அடுப்படிக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் பலகைதாங்க. எங்கப்பாவைப் பத்திப் பேசினது எல்லாம் கேட்டுது.

— நீ எப்போ வந்தே?

— நீங்க தேசத்தின் மூச்சுன்னு ஆரம்பிச்சப்பவே. மாப்பிள்ளை, நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும். எங்கப்பா பேரைக் காப்பாத்த உங்க பேரைக் கெடுத்துக்கத் துணிஞ்சீங்களே, சொந்தப் பிள்ளைகூடச் செய்வானா தெரியல.

— அத்தை, அது வந்து, மிஷின் சூட்டுல…

— மனசைத் தேத்திக்கோம்மா. எவனோ ஒரு அயோக்கியன் அவரை ஏமாத்தினதுக்கு நீ என்ன பண்ணுவே.

— அயோக்கியன்னு சொல்லாதீங்க. எங்கப்பாவை யாரும் ஏமாத்தல. சுதந்திரம் வந்த கையோட அச்சாபீஸ் முதலாளி இழுத்துப் பூட்டிட்டு ஊரை விட்டே போயிட்டார். சம்பளமே கிடையாது. நான் கைக்குழந்தை, விஷக் காய்ச்சல். வீட்டுல இருந்தது ஒரே ஒரு நல்ல நோட்டு. அதை எதிர்ல வச்சுக்கிட்டு, கதவைச் சாத்திட்டு, அதே மாதிரி அடிக்க அச்சுக்கட்டை செதுக்கினாராம், அம்மா சொல்லியிருக்கா. மருந்துக்கடையில மறு பேச்சில்லாம வாங்கிக்கிட்டாங்க. நான் பொழைச்சேன். மிஞ்சினது இது ஒண்ணு.

— அப்போ நீ தெரிஞ்சுகிட்டேவா இத்தனை நாளும்…

— மேடையில நீங்க அவரைப் பெருமையாப் பேசறதைக் கேக்க ஆசையா இருந்துது. இவ்வளவு படிச்ச நீங்களே கண்டுபிடிக்கல, வேற யார் கண்டுபிடிக்கப் போறாங்கன்னு இருந்துட்டேன்.

— படம் செதுக்கறவர் கண்ணாச்சே. எதிர்ல இருக்கிற அசல்ல மூணு காலை அவர் பார்க்கலையா?

— பார்த்தாருங்க. கள்ள நோட்டு அடிக்கத் துணிஞ்ச மனுஷருக்கு, நொண்டி மாடு செதுக்க மட்டும் கை வரல.