ஒரே நாளில் சிக்கிக்கொண்ட மாநிலம்

தலைமை நாற்காலியைத் தளும்பத் தளும்ப நிறைத்திருக்கும் கல்வி அமைச்சர் அவர்களே, எனக்குப் பிறகு பேசத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, கால் கடுத்தாலும் கலையாத தாய்மார்களே, விடுமுறையிலும் வருகைப் பதிவேட்டுக்குப் பயந்து வந்திருக்கும் என் அலுவலகத் தோழர்களே!

மாநில நாளின் பெருமைகளை அடுக்கிச் சொல்ல ஆவணக் காப்பகம் என்னை அனுப்பியிருக்கிறது. இதே நாளில்தான் முதல் ரயில் வந்தது. இதே நாளில்தான் சட்டமன்றம் திறந்தது. இதே நாளில்தான் கடைசி மன்னர் கண்மூடினார். இதே நாளில்தான் பெருவெள்ளம் புகுந்தது. ஆண்டுகள் வேறு, நாள் ஒன்றே! அப்படியானால் மற்ற நாளெல்லாம் இந்த மாநிலம் தூங்கிக்கொண்டா இருந்தது?

கைதட்டாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். எங்கள் காப்பகத்தின் தேதி முத்திரையில் நாளும் மாதமும் துருவேறி இறுகிவிட்டன. ஆண்டு மட்டும் சுழன்றது. அன்றைய எழுத்தர் பதினோரு ஆண்டுகள் வந்த கோப்பிலெல்லாம் அதையே குத்தினார்.

"என்னப்பா, தினமும் ஒரே தேதி?" என்றாராம் மேலதிகாரி.

"மை நல்லா விழுதுல்ல சார்!"

பின்னாளில் வந்த சரித்திரக் குழு, கோப்பு வந்த தேதியையே சம்பவத் தேதியாக்கியது. கொளுத்தும் கோடையில் வெள்ளம் வந்த கதை இதுதான்!

"அப்ப லீவு போயிடுமாம்மா?" பின்வரிசையில் ஒருவர் பதறுகிறார். போகாது அண்ணா, நிம்மதியாகத் தூங்குங்கள்.

தூக்கம் போனது மூன்றாம் வரிசையில் இருக்கும் இந்த அக்காவுக்கு. இவர் அப்பா தொலைபேசி நிலைய ஆபரேட்டர். முத்திரை காட்டிய நாளில் அவர் விடுப்பு. விடுப்பு ஏட்டைப் புரட்டிய குழு, 'வெள்ளத்தில் வேலையை விட்டு ஓடியவர்' என்று பெயரோடு பாடப்புத்தகத்தில் ஏற்றிவிட்டது. அதைப் படித்த இவர் மகள் கேட்டாளாம்: "தாத்தா பயந்தாங்கொள்ளியாம்மா?"

ஓடினாரா அவர்? உண்மையான வெள்ளம் நான்கு மாதம் கழித்து வந்தது. அன்றைய அழைப்பேடு இதோ என் கையில். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு எச்சரிக்கை சொன்னார் என்று அவரே எழுதியிருக்கிறார். நூற்றுப்பன்னிரண்டு வீடுகள்! கடைசி வரி: 'தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அடுத்த எண்.' இடுப்பளவு நீரில் நின்றவரையா ஓடினார் என்றோம்? ஊரை எழுப்பியவரையா ஓடினார் என்றோம்?

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்கிறார் அமைச்சர். சொன்னேன் ஐயா, நாலு மனு. நாலும் உங்கள் அலுவலகத்தில் சுகமாக இருக்கின்றன.

நாளை பாடப்புத்தகத்தின் புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது. திருத்தம் ஒரே வரி: அவர் ஓடவில்லை. தாள் இதோ, பேனா இதோ. கையெழுத்திட்டால், இந்த நாளில் இந்த மாநிலத்தில் ஒன்றாவது உண்மையாகவே நடந்திருக்கும்.

ஐயா கண்ணாடியைத் தேடுகிறார்... கையெழுத்தும் போட்டுவிட்டார்! அக்கா, மேடைக்கு வந்து தாளை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நீரில் நின்று அடுத்த எண்ணை அழைத்த அந்தக் குரலுக்கு என் வணக்கம்.