மூன்றாவது கிரகம்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியது நான்தான், டாக்டர். 2011இல், பூதப்பாண்டியில் எங்கள் தெருவில் அதுதான் முதல் இணைப்பு. என் மனைவி நேசபாய்க்கு மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுத்ததும் நானே.

தொலைதூர நட்சத்திரங்களின் ஒளி அளவுகளை வெளிநாட்டு விஞ்ஞானிகள் இணையத்தில் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கிரகம் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி இம்மியளவு குறையும். நான் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் ஆசிரியர். எனக்கு அவை வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வீட்டோடு இருந்த அவள், மதியச் சமையல் முடிந்ததும் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பாள். ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு கிரகங்கள் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். எட்டு மாதத்தில் அவள் மூன்றாவதைக் கண்டாள். எழுதி அனுப்பினாள். கட்டுரையில் உங்கள் பெயரும் வரும் என்று பதில் வந்தது.

அதைச் சர்ச்சில் சொல்லிவிட்டாள். மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் கோலப்பன், “சாரே, வீட்டுக்காரி கிரகம் கண்டுபிடிச்சாச்சு. நீரு என்னத்தக் கண்டுபிடிச்சீரு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை அந்தக் கடிதத்தை அழித்தேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவள் அனுப்பியதையும் அழித்தேன். அதன் பிறகு வந்தவற்றை அவள் பார்க்குமுன்பே அழித்தேன்.

“வந்ததாக்கும். நான் கண்ணால கண்டேன்,” என்றாள்.

“ஒண்ணும் வரல்ல, நேசம். ஆசப்பட்டு நெனச்சிருப்ப.”

நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அதைத் தேடி அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்தாள். எந்த நோட்டு என்று பொறுமையாகவே கேட்டேன். சர்ச்சுப் பெண்கள் கடிதத்தைக் காட்டச் சொன்னார்கள்; காட்ட ஒன்றுமில்லை. ஒருநாள் என் சட்டையைப் பிடித்து, “எனக்குப் புத்தி பெசகிப் போச்சா? உள்ளதச் சொல்லுங்க,” என்று அழுதாள். மறுநாள் இங்கே கூட்டிவந்தேன். உங்களுக்கு முன்பிருந்த டாக்டரிடம், வராத கடிதங்கள் வந்ததாகச் சொல்கிறாள் என்றேன். அவர் மாத்திரை எழுதினார். நான்கு வருடமாக நான்தான் வேளை தவறாமல் கொடுக்கிறேன்.

அவள் தங்கை எலிசா உங்களிடம் காட்டிய கட்டுரை உண்மையானதுதான். மூன்றாவது கிரகத்தைக் கண்டவராக அதில் இருப்பது என் மனைவியின் பெயர்தான்.

மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். போன வாரம் எலிசா அந்தத் தாளை அவள் கையிலேயே கொடுத்தாள். நேசபாய் முழுவதும் படித்தாள். “இது வேற ஆரோ ஆக்கும்,” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

எவ்வளவு தெளிவாகிவிட்டாள், பாருங்கள்.