வெறும் புட்டி

— சைன் போட்டியா, போடலியா? அத மட்டும் சொல்லு ரமணி.

— போட்டேம்மா. தீபாவளிக்கு முன்ன நான் எழுதுன நம்பரெல்லாம் பொய், பாக்காமலே எழுதுனதுன்னு என் கையாலயே எழுதி, பெப்ரவரி எண்பத்தஞ்சுன்னு தேதியும் போட்டு ப்ரொபசர் கையில குடுத்துட்டேன். அதோட யூனிவர்சிட்டி முடிஞ்சுச்சு.

— அடிப் பாவி மவளே! நீயேவா எழுதிக் குடுத்த? எட்டு வயசுல ரப்பர் பால் வாளியத் தட்டி விட்டுட்டு, யாரும் கேக்கறதுக்கு முன்னயே வேல வாங்கற மண்டோர் முன்னால போயி நாந்தான் கொட்டுனேன்னு நின்ன பொண்ணாச்சே நீ.

— எழுதலன்னா பெரிய விசாரணை வைப்போம்னாங்க. முன்ன வந்தது மூணு மாசமா ஏன் வரலன்னு கேட்டா, நான் என்னத்தச் சொல்றது?

— என்ன வரல? எனக்கும் புரியறாப்ல சொல்லு. கோலசிலாங்கூர் பஸ்ஸ விட்டு நீ பெட்டியோட எறங்குனதுலேர்ந்து லயத்துச் சனமே என்னைத்தான் கேக்குது.

— கிருமி இருக்குல்ல, அதச் சுத்தி ஒரு தோலு. அந்தத் தோலுல சின்னச் சின்ன வாசல். நான் பாத்தது மால்டோஸ்னு ஒரு இனிப்புக்குன்னே உள்ள வாசல். ரொம்பக் குறுகலு. இனிப்பு நுழைஞ்சதும் உள்சுவரு அதப் புடிச்சுக்கும். புடிச்சு, அப்புறம் விட்டு, உள்ள அனுப்பும்.

— பால் நிறுக்கற எடத்துல கணக்கெழுதற கிராணி ஒரு வாளியப் புடிச்சு நிறுத்தி, அத உள்ள விட்டுட்டு அடுத்த வாளிக்குக் கை நீட்டறாப்லயா?

— அதேதான் லா. ஒவ்வொண்ணா. எவ்வளவு வேகமா போவுதுன்னு அளக்கறதுதான் என் வேல. தீபாவளிக்கு முன்ன கடகடன்னு போச்சு. அப்புறம் பாத்தா வாசலே இல்லாத மாதிரி நிக்குது.

— இருந்த வாசலு எங்கடி போவும்?

— அந்தக் கிருமிதான் வாசலக் கட்டணும். மால்டோஸ் மட்டும் இருந்தா கட்டும். அதவிடச் சுலுவா குளுகோஸ் கெடச்சுட்டா மெனக்கெடாது. சாப்பாடு கையில இருக்கு, எதுக்கு வேலன்னு இருந்துடும்.

— குளுகோஸா? காய்ச்சக்காரங்களுக்குக் கலக்கிக் குடுப்போமே, அந்த டின் மாவா?

— அதேதான்.

— கொஞ்சூண்டு பட்டாக்கூடவா?

— கொஞ்சூண்டு போதும். ஆனா நான் குளுகோஸத் தொடவே இல்லம்மா, அதான் மண்டை காயுது. எங்க எந்திரிக்கற? சோறு அப்புறம் போடலாம்.

— ஒண்ணுமில்ல, கையெல்லாம் பால் பிசுக்கு. நீ சொல்லு. வேற புட்டி இல்லியா அங்க?

— மால்டோஸ் ஒரே புட்டிதான். வெளிநாட்டுலேர்ந்து வர ஆறு மாசமாவும். லேப்ல வச்சா ஆளாளுக்கு அள்ளிருவாங்கன்னு தீபாவளிக்கு இங்க தூக்கியாந்து, மறந்துட்டுப் போனேனே, அந்தப் பழுப்புப் புட்டி. நீகூட உமாபதி அண்ணன் லோரியில குடுத்தனுப்புனியே.

— ஆமா. அனுப்புனேன்.

— அது ஒண்ணுதான் இந்த மூணு மாசத்துல நடந்த நல்லது. சீக்கிரம் தீந்துரும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நேத்து வரைக்கும் வந்துச்சும்மா.

— அப்ப அதுல மிச்சம் இருக்குமே. உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவ நல்லாப் பாக்கச் சொல்லேன்.

— என்னத்தப் பாக்கறது? மிச்சத்தையும் நேத்தே கொட்டிட்டாங்க. குப்பைக்கூடையில கெடந்த புட்டிய நாந்தான் கழுவி எடுத்தாந்தேன். பையில இருக்கு, எடுத்து மொளகாத்தூள் போட்டு வச்சுக்க.

— வெறும் புட்டியாவா குடுத்தாங்க?

— பின்ன? எனக்கு வேற என்னத்தக் குடுத்து அனுப்புவாங்க?

— அந்த லெட்டரத் திருப்பி வாங்க முடியாதா? நான் வரேன். ப்ரொபசர் கால்ல விழறேன்.

— விழுந்து என்ன சொல்லுவ? என் மவ நல்லவன்னா? ஆதாரம் கேப்பாங்கம்மா. நம்ம கையில ஒண்ணுமில்ல. இனிமே வேற எங்கயும் என்னச் சேத்துக்க மாட்டாங்க. ராவாங் பேக்டரிக்கு ஆள் எடுக்கறாங்களாம், அடுத்த வீட்டு லீலாவதி சொன்னா. திங்கக்கிழம போறேன்.

— ஐயோ, என் கொலசாமி...

— அழாதம்மா. படிப்பு போனதக்கூட தாங்கிக்குவேன். அந்த லெட்டர எழுதி முடிச்சதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அந்த நம்பரெல்லாம் நெசமாவே பாத்தேனா, ஆசையில நானே போட்டுக்கிட்டேனா? ராத்திரி பூரா யோசிச்சும் தெரியல. நான் பொய்க்காரிதான் போல.

— வாய மூடு! நீ பொய்க்காரி இல்ல.

— பெத்தவ அப்படித்தான் சொல்லுவ. உனக்கு எப்படித் தெரியும்?

— அந்தப் புட்டி அடியில கொஞ்சந்தாண்டி கெடந்துச்சு... அடுத்தவங்க ஏனத்த வெறுமையா திருப்பக் கூடாதேன்னு... உன் காய்ச்சலுக்கு வாங்கி வச்ச குளுகோஸ் மாவு, அதே மாதிரி வெள்ள வெளேர்னு இருந்துச்சு. நாந்தாண்டி நாலு கரண்டி அள்ளிப் போட்டுக் குடுத்தனுப்புனேன்.