தெரியாத பிள்ளைக்கு ஓர் அர்ச்சனை

ட்வெய்ட்டா நிலையத்தில் ரயிலேறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். ஒட்டுக்கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் திருநீறு பூசியிருந்த மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

"இண்டைக்கு ஒரு அமெரிக்கப் பொடியன்ரை பேரிலை அர்ச்சனை செய்தனான்."

"ஆரக்கா அது?"

"எங்கடை நிமலன் அங்கை கல்லூரியிலை அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுறானெல்லே. கோலுக்குப் பந்து உதைக்கிறதுதான் அவன்ரை வேலை. போன வருசம் முழுக்க விளையாடக் கிடைக்காமல் வாங்கிலைதான் இருந்தவன். அவனுக்கு முன்னாலை உதைச்ச பொடியன் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலிலை பேர் குடுத்திட்டு வெளிக்கிட்டிட்டான். அதாலைதான் இவனுக்கு இடம் வந்தது."

"அதென்ன போர்ட்டல்?"

"வேறை கல்லூரிக்கு மாற விரும்பிறவை பேர் பதியிற இடம். இப்ப கோச்மார் புதுப் பிள்ளையளைப் பழக்கி எடுக்கிறேல்லையாம். அதிலை பாத்து, பழகின ஆக்களாய் எடுக்கினமாம்."

"அப்ப அந்தப் பொடியனும் நல்ல இடத்துக்குப் போயிருப்பான்."

"இல்லையடி. அவனை இன்னும் ஒருத்தரும் கூப்பிடேல்லையாம். அவன் விட்டுட்டுப் போன இடத்திலைதானே எங்கடை பிள்ளை நிக்கிறான். அந்தப் பிள்ளையும் நல்லாயிருக்கோணும்."

"ஐயர் நட்சத்திரம் கேட்டிருப்பாரே?"

"கேட்டவர். எனக்குத் தெரிஞ்சது நிமலன்ரைதான். அதையே குடுத்தனான்."