நூறாவது பித்தப்பை

முந்திரிப் பருப்பின் உள்தோலை உரிக்க நகம் தேவையில்லை. ஓட்டை உடைத்தெடுத்த பருப்பு நன்றாகக் காய்ந்திருந்தால், கட்டைவிரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் போதும், பழுப்புத் தோல் தானாக நழுவிவிடும். நகம் பட்டால் பருப்பு கீறும், தரம் இறங்கிவிடும். இதை எனக்குச் சொன்னவர் செவந்தி அக்கா. ஆதனக்கோட்டையில் பதினெட்டு வருஷம் பருப்பு உரித்தவர். நீங்கள் என்னை விசாரிக்க வந்திருப்பதும் அவரைப் பற்றித்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், சார்.

என் பெயர் திருமுருகன். மருத்துவமனையில் இருக்கும் ஆபரேஷன் ரோபோவுக்குப் பொறுப்பான இன்ஜினீயர். டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டாக்டர் பிரகதீஸ்வரியின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. நோயாளியின் வயிற்றில் நான்கு சிறிய துளைகள். அவற்றின் வழியே நான்கு மெல்லிய கரங்கள் உள்ளே போகும். டாக்டர் சற்றுத் தள்ளி ஒரு இருக்கையில் உட்கார்ந்து, திரைக்குள் முகம் வைத்து, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்திருப்பார். அவர் கை அசைந்தால் கரங்கள் அசையும். பழைய ரோபோக்களில் இத்தோடு சரி. தொடுவது கல்லா சதையா என்று டாக்டரின் கைக்குத் தெரியாது. எங்களுடையதில் கரத்தின் நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஓர் உணரி இருக்கிறது. சதை எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்று அது அளக்கும். கைப்பிடிக்குள் இருக்கும் மோட்டார்கள் அதே எதிர்ப்பை டாக்டரின் விரலுக்குத் திருப்பித் தரும். ரத்தக் குழாயின் துடிப்புகூட வரும். முதல் தடவை அதை உணர்ந்த அன்று நான் சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

என் மேசையிலும் ஒரு கைப்பிடி உண்டு. பயிற்சிக்கானது. டாக்டரின் விரலுக்குப் போவது எனக்கும் வரும்.

இன்னொன்று, வழிகாட்டி. செயற்கை நுண்ணறிவு. பல்லாயிரம் ஆபரேஷன் வீடியோக்களைப் பார்த்துப் பழகியது. வெட்டலாம் என்ற இடத்தில் திரையில் பச்சை பூசும், கூடாது என்ற இடத்தில் சிவப்பு. டாக்டர் அதை ஒதுக்கிவிட்டுச் சிவப்புக்குள் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ‘வழிகாட்டல் மீறப்பட்டது’ என்று திரையில் வரும், பதிவாகும்.

தை மாதம் மருத்துவமனை வாசலில் ஒரு முகாம் போட்டோம். ரோபோ என்றால் பயப்படுகிற ஜனங்கள் அதில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். நம் பக்கத்து ஆட்களுக்குப் புரிய வேண்டுமே என்று முந்திரிப் பருப்பைத் தேர்ந்தெடுத்தேன். நானூறு பருப்புகளைப் படமெடுத்து, தோல் எங்கே விடும் என்று வழிகாட்டிக்குப் பழக்கினேன். அது பருப்பின் மேல் பச்சைக் கோடு போடும். கோட்டின்மேல் கரத்தை வைத்துத் தள்ளினால் தோல் உரியும். காலையிலிருந்து முப்பது பேர் உரித்தார்கள்.

செவந்தி அக்கா வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்க வந்தவர். உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தார். கோட்டைத் தொடவே இல்லை.

“அக்கா, பச்சைக் கோட்டு மேல வைங்க,” என்றேன்.

“கோடு அங்கிட்டு இருக்கு தம்பி. தோலு இங்கிட்டுல்ல விட்டுக்குடுக்குது.”

“மெஷின் கணக்குப் போட்டுச் சொல்லுதுக்கா.”

“சொல்லட்டும். அது என்னைக்காச்சும் பருப்பு ஒரிச்சிருக்கா?”

கூட்டம் சிரித்தது. அவர் ஒரே தள்ளில் முழுத்தோலையும் கழற்றிவிட்டார். பருப்பில் கீறல் இல்லை. டாக்டர் பிரகதீஸ்வரி பின்னால் நின்று கைதட்டி, “நாளைக்கே டூட்டிக்கு வந்துருங்க, எனக்கு லீவு கெடைக்கும்,” என்றார். செவந்தி அக்கா எழுந்து என் தோளைத் தட்டி, “கோட்டை அழிச்சுட்டுச் சரியா வரைங்க தம்பி, இல்லாட்டி பருப்பு கோச்சுக்கும்,” என்றார்.

அப்புறம் நான் அந்தப் பருப்பை எடுத்துப் பார்த்தேன். சரியாகக் காயாத பருப்பு. அதனால்தான் தோல் வேறு இடத்தில் விட்டது. தப்பு பருப்பில் இருந்தது, கோட்டில் இல்லை. அதை விளக்குவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

ஸ்கேனில் அவருக்குப் பித்தப்பையில் கல். பித்தப்பையை எடுப்பது ரோபோவுக்குப் பழகின வேலை. தொண்ணூற்றொன்பது முடித்திருந்தோம். தொண்ணூற்றொன்பதிலும் டாக்டரின் கை பச்சையைவிட்டு விலகியதே இல்லை. ஒருவருக்கும் சேதமில்லை. நூறாவதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து முப்பது டாக்டர்கள் வந்து கீழ்த்தளத்துக் கூடத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக நான் அதைச் செய்யவில்லை. நீங்கள் அப்படி எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது உண்மை இல்லை.

நூறாவது செவந்தி அக்கா என்பது வரிசைப்படி அமைந்தது. நான் தேர்ந்தெடுக்கவில்லை.

தள்ளுவண்டியில் படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னைக்காச்சும் கோடு ஒழுங்கா வரையுமா தம்பி ஒங்க மெஷினு?”

“வரையும்க்கா.”

“வரையலேன்னா என்னைய எழுப்புங்க. நான் சொல்றேன்.”

பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழலும் ஒரு சின்ன ரத்தக் குழாயும் வரும். அவற்றை மட்டும் பிரித்து வெட்ட வேண்டும். பக்கத்திலேயே ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது. வழிகாட்டி பச்சை பூசியது. டாக்டர் கருவியை அங்கே கொண்டுபோனார். நிறுத்தினார்.

“திருமுருகன், பச்சைக்குள்ள ஏதோ துடிக்குது.”

“பக்கத்துக் குழாயோட துடிப்பா இருக்கும் மேடம்.”

“இருக்கலாம். எதுக்கும் நான் இடது பக்கமாப் போய்ப் பாக்குறேன்.”

இடது பக்கம் சிவப்பு.

நான் சொன்னது பொய் இல்லை, சார். பக்கத்துக் குழாயின் துடிப்பு சதை வழியாகக் கசிந்து வருவது உண்டு. அப்படி வேண்டாமல் வந்து கலப்பதை நாங்கள் இரைச்சல் என்போம். அதைக் குறைக்க என் திரையில் ஓர் அளவு இருக்கிறது. சில டாக்டர்களுக்குத் தொடுவுணர்வு அழுத்தமாக வேண்டும், சிலருக்கு லேசாக. அவர்கள் கேட்டால் மாற்றுவோம். டாக்டர் பிரகதீஸ்வரி கேட்கவில்லை. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவருடைய கைப்பிடியின் அளவை நூறிலிருந்து இருபதுக்கு இறக்கினேன். இயந்திரம் எல்லாவற்றையும் எழுதிவைக்கும், இதையும் எழுதியிருக்கும். நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்கிறீர்கள். நான் அதை அழிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அவர் சிவப்பின் விளிம்புவரை போனவர், மறுபடி பச்சையைத் தொட்டுப் பார்த்தார்.

“இப்ப இல்லையே.”

“கருவியோட கோணம் அப்படி இருந்திருக்கும் மேடம்.”

“சரி,” என்றார். வெட்டினார்.

அடுத்த நிமிஷங்களை நான் விவரிக்கத் தேவையில்லை. முப்பது டாக்டர்கள் பார்த்தார்கள். கரங்களை வெளியே எடுத்து, வயிற்றைத் திறந்து, குழாயைப் பிடிப்பதற்குள் நிறைய ரத்தம் போய்விட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரத்தம் தேங்கி நின்றபோதும் வழிகாட்டி அதே இடத்தில் அதே பச்சையைப் பூசிக்கொண்டிருந்தது. அது பதறவில்லை.

மூன்றாம் நாள் செவந்தி அக்கா இறந்துபோனார். ஈரலுக்குப் போகும் பெரிய குழாய் அவருக்கு வளைந்து, இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. காயாத பருப்பு போல. அவருடைய உடம்புதான் விதிவிலக்கு.

அவருடைய மகள் ஹரிணி ஐ.சி.யூ. வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா அந்த மெஷின்ல பருப்பு ஒரிச்சப்ப நல்லாத்தானே அண்ணே இருந்துச்சு?”

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா,” என்றேன். நான் சொன்னது சரி.

டாக்டர் பிரகதீஸ்வரி இரண்டு மாதமாகக் கத்தியைத் தொடவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, தன் விரல்களையே பார்த்தபடி, “எனக்குத் துடிச்ச மாதிரி இருந்துச்சே, திருமுருகன். நெசமாத் துடிச்சுச்சா, நானா நெனைச்சுக்கிட்டேனா?” என்று கேட்டார். “நீங்களா நெனைச்சிருப்பீங்க மேடம், கொஞ்ச நாள் ஓய்வெடுங்க,” என்றேன். அதற்கு மட்டும் நான் வருத்தப்படுகிறேன். நல்ல கை அது.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்கிறீர்கள். எழுத மாட்டேன். தொண்ணூற்றொன்பது பேர் இன்று நடமாடுகிறார்கள். பொன்னமராவதியிலும் திருமயத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு ‘மீறப்பட்டது’ என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால், அந்த முப்பது டாக்டர்களும் ஊருக்குப் போய், கோடு சும்மா, விரல்தான் பெரிசு என்று சொல்லியிருப்பார்கள். முகாமில் சிரித்த மாதிரிச் சிரித்திருப்பார்கள். பதிவைப் பாருங்கள். நூறு ஆபரேஷன், ஒரு மீறல்கூட இல்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இரைச்சல் என்று நம்பித்தான் குறைத்தாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இயந்திரம் புரிந்தவராக இருந்திருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பீர்கள். நானே சொல்கிறேன். நான் இறக்கியது டாக்டரின் கைப்பிடிக்கான அளவை மட்டும்தான். என் மேசையில் இருக்கும் கைப்பிடிக்கு அது பொருந்தாது, அதில் எப்போதும் நூறுதான். என் ஆள்காட்டி விரல் அதன்மேல் இருந்தது. கசிந்து வருகிற துடிப்பு மெலிதாக, பரவலாக இருக்கும். இது அப்படி இல்லை. அழுத்தமாக, நேர் அடியிலிருந்து வந்தது. மயக்க மருந்து டாக்டரின் திரையில் இதயத்துடிப்பு எழுபத்தெட்டு என்று இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், ஒத்துப்போனது. டாக்டர் பிரகதீஸ்வரி வெட்டுகிற வரைக்கும் செவந்தி அக்கா என் விரலைத் தட்டிக்கொண்டேதான் இருந்தார்.