‘பிரிட்ஜ் சத்தம் எங்கே?’ என்று கேட்டவருக்கு

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்னும் பழமொழியைப் பாடத்திட்டமாகவே மாற்றிய பேராசிரியரே! திரையில் விழும் ஒவ்வொரு துளிக் கண்ணீரையும், கண்ணிலிருந்து வந்ததா கண்மருந்துப் புட்டியிலிருந்து வந்ததா என்று கேட்டுக் கேட்டே எங்களைக் கலங்கடித்த கறார்ப் பேர்வழியே! புகழ்ந்தால் புருவத்தைத் தூக்கியும், பணிந்தால் பையைத் தடவிப் பார்த்தும், சந்தேகம் என்னும் சாணையில் எங்களைச் சளைக்காமல் தீட்டிய சான்றோரே! எடிட்டிங் அறையின் ஏகபோக அரசரே! எங்கள் ஐயா!

வணக்கம். இந்த வணக்கத்தில் உள்நோக்கம் ஏதும் இல்லை.

திரைக்கலைப் பட்டப்படிப்பு என்றால் சினிமா பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்குவது என்று ஊரே சிரித்த நாளில் இந்தத் துறைக்கு வந்தீர்கள். மாணவர்கள் உங்களுக்கு வைத்த பெயர் ‘கத்தரி’. அது உங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள்; தெரியும் என்று எங்களுக்குத் தெரியும். எந்த மாணவர் படத்தை முடித்துக் கொண்டுவந்து நீட்டினாலும் அதைப் பார்க்க மாட்டீர்கள். “முதல்ல வெட்டி எறிஞ்சதைக் காட்டு. அப்புறம் உன் படத்தைப் பார்க்கறேன்” என்பீர்கள். ஒருவன் எதைக் காட்டினான் என்பதைவிட எதை மறைத்தான் என்பதில்தான் அவன் யார் என்று தெரியும் என்பது உங்கள் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்துக்கு அஞ்சி, வேண்டாத காட்சிகளையும் அழகாக எடுக்கப் பழகிக்கொண்டார்கள் எங்கள் பிள்ளைகள்.

உங்கள் பணி ஓய்வுக்காக இந்த மடல் எழுதப்படுகிற செய்தி எப்படியோ உங்கள் காதுக்கு எட்டிவிட்டது. நேற்று வராந்தாவில் ஒளிப்பதிவு ஆசிரியரை மடக்கி, “நல்லதா பொறுக்கி எழுதியிருப்பீங்க. நான் நம்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆகவே, உங்கள் பண்புகளை அடுக்கும் வேலையை விட்டுவிட்டு, போன ஆண்டு நடந்த ஒன்றை நடந்தபடி சொல்கிறோம். சம்பந்தப்பட்ட ஆசிரியை, மாணவி, அவளுடைய தாய் மூவரிடமும் சம்மதம் கேட்டாயிற்று. அதையும் நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவு ஆசிரியைக்கு அதுதான் இறுதியாண்டுப் படம் ஒன்றுக்கு வழிகாட்டியாக இருந்த முதல் ஆண்டு. அவருக்கு வாய்த்த மாணவியைத் துறையில் எல்லோரும் ‘தும்பி’ என்போம். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள்; மைக்கைப் பிடித்தால் மைக்கும் நிற்காது. இறுதியாண்டுக்குரிய ‘வீட்டுப் படம்’ நீங்கள் வகுத்த பயிற்சி: சொந்த வீட்டில், சொந்த மனிதர்களை, உள்ளபடி எடுக்க வேண்டும். யாரும் நடிக்கக் கூடாது, நடந்ததை மறுபடி நடத்தக் கூடாது. படம் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

தும்பியின் அம்மா மருந்தாளுநர். வேறு ஊரில் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடையை விட்டு நகர முடியாதவர். சமையலறை மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறார்: “நான் போறேங்க. நீங்க சரின்னாலும் போறேன், மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டாலும் போறேன்.” அப்பா காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைக்கிறார். அவ்வளவுதான் படத்தின் உயிர்.

துறைத் திரையரங்கில் விளக்கு எரிந்தபோது ஒளிப்பதிவு ஆசிரியர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். தும்பி அன்றைக்குத்தான் ஓர் இடத்தில் நின்றாள். ஒலிப்பதிவு ஆசிரியைக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. நீங்கள் மட்டும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“நல்லா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு” என்றீர்கள். “இந்தம்மா இவ்வளவு கோபமா பேசறாங்க, நடுவுல ஒரு இடத்துலகூட மூச்சு வாங்கல, வார்த்தை தேடல. அடுத்து என்ன சொல்லப் போறோம்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதை விடுங்க. பின்னால ஆளுயரத்துக்கு ஒரு பிரிட்ஜ் நிக்குதே, அதோட சத்தம் எங்க? ஏம்மா தும்பி, எந்த வீட்டுலயாவது பிரிட்ஜை அணைச்சிட்டு வந்து சண்டை போடுவாங்களா?”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தும்பி முகம் வெளுத்தாள். “நிறுத்தி வை. எடுத்தது எல்லாத்தையும் கொண்டா” என்று எழுந்து போய்விட்டீர்கள்.

அன்று மாலை ஒலிப்பதிவு ஆசிரியை வீட்டில் குழம்பு கொதித்ததைவிட அவர் அதிகம் கொதித்தார். ஒளிப்பதிவு ஆசிரியர்தான் அவருடைய கணவர் என்பது நாடறிந்த ரகசியம்.

“வெளியூர் மாணவர் திரைப்பட விழாவுக்கு நம்ம துறையிலேருந்து ஒரு படம்தான் அனுப்ப முடியும். தும்பி படம் நின்னா யாரோடது போகும்? நீங்க வழிகாட்டற பையனோடது!”

“அடிப்பாவி, நான் அழுதேனே! பார்க்கல நீ?”

“மூக்கைத்தான் சிந்துனீங்க. ஜலதோஷமா இருக்கும். நீங்களும் சாரும் சேர்ந்து பேசி வச்சிருக்கீங்க.”

“அந்த மனுஷன் என்னோட சேர்ந்து டீகூடக் குடிச்சதில்ல. நான் சர்க்கரையில ஏதோ கலப்பேன்னு நினைக்கறாரு போல. பேசி வேற வைக்கறாராம்!”

“பின்ன என் பிரிட்ஜு மட்டும் அவர் கண்ணுல படுது?”

“உன் காதுல படலையே, அதைச் சொல்லு.”

அந்த ஒரு வார்த்தைக்குக் கணவர் அன்று தனியாகச் சாப்பிட வேண்டியதாயிற்று. ஆனால் வார்த்தை தைத்துவிட்டது. ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டவர், ஓடாத பிரிட்ஜை எப்படிக் கவனிக்காமல் விட்டார்?

அதற்குப் பிறகு நீங்கள் எடிட்டிங் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதும், சாப்பாட்டு வேளையிலும் வெளியே வராததுமாக இருந்தீர்கள். துறையே காதைக் கடித்தது. பெண்ணை விரட்டுவதற்கு ஆதாரம் தேடுகிறார் என்றார்கள் சிலர். படத்தைத் தானே வெட்டித் தன் பெயர் போட்டுக்கொள்வார் என்றார்கள் வேறு சிலர். இன்று உங்களுக்குச் சால்வை போட்டவர்களும் அதில் உண்டு.

ஒரு மதியம் ஒலிப்பதிவு ஆசிரியை அந்தக் கதவில் காதை வைத்தார். உள்ளே ஒரே இரைச்சல், லாரி ஏறுவதுபோல. அதற்கு அடியில் ஒரு பெண் குரல். திடீரென்று கதவு திறந்தது.

“ஒட்டுக் கேக்கறதுன்னு ஆயிடுச்சு, உள்ள வந்து ஒழுங்கா கேளுங்க” என்று ஹெட்போனை நீட்டினீர்கள். “இந்தப் பொண்ணு எடுத்த முதல் டேக் இது. பிரிட்ஜ் சத்தத்துல எனக்கு ஒண்ணும் விளங்கல. இதை விலக்கிக் கேக்க இந்தக் கட்டடத்துல உங்களுக்குத்தான் தெரியும்.”

இதில் என்ன கண்ணி இருக்கிறதோ என்ற எண்ணத்தோடுதான் அவர் உட்கார்ந்தார். இரைச்சலைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தார். அதே சமையலறை, அதே மேஜை. ஆனால் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வேணாம்னு சொல்லிடவாங்க அந்த வேலையை? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணாம்னா… வேணாம், அவ்வளவுதான்.”

“நான் என்னத்தச் சொல்றது. உன் இஷ்டம்.”

“என் இஷ்டம்னு சொல்லிட்டு இப்படி உக்காந்திருந்தா எப்படி? கெஞ்சிக் கேக்கறேன்ல…”

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து தும்பியின் குரல்: “அம்மா, ஒரு நிமிஷம். இப்ப பேசினதுல ஒரு துண்டை மேமுக்கு அனுப்பினேன். இரைச்சலா இருக்காம், திரும்ப எடுக்கணுமாம். பிரிட்ஜை அணைக்கறேன், முதல்லேருந்து பேசுங்க.”

“பேசினதையேவா?” என்றார் அப்பா.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “சரி. அணை” என்றார்.

ஒலிப்பதிவு ஆசிரியை ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அன்று கேன்டீன் வரிசையில் நின்றபடி கைபேசியில் அந்தத் துண்டைக் கேட்டதும், ‘ஒரே இரைச்சல், திரும்ப எடு’ என்று பதில் அனுப்பியதும் அவருக்கு நினைவு வந்தது. ஒரு பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் பிரிட்ஜைக் கேட்டிருக்கிறார். ஒலி படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. வேறு யார் கேட்டிருந்தாலும் “ஐயோ, யார் அழறா?” என்றுதான் கேட்டிருப்பார்கள்.

“விதியை மீறி ரெண்டாவது தடவை எடுத்தாள்னு எழுதினா, யார் சொல்லி எடுத்தாள்னும் எழுதணும். எழுதட்டுமா?” என்று கேட்டீர்கள்.

ஆழம் பார்க்கிறாரா, அமுக்கிவிடலாம் என்று ஆசை காட்டுகிறாரா? அவருக்குப் புரியவில்லை. “எழுதுங்க சார்” என்றார்.

நீங்கள் எழுதவில்லை. தும்பியைக் கூப்பிட்டீர்கள்.

“முதல் டேக்கை ஏன் மறைச்ச? விதிக்குப் பயந்தா?”

“இல்ல சார். அதுல எங்கம்மா கெஞ்சறாங்க. பட்டம் வாங்கறதுக்காக எங்கம்மா கெஞ்சறதை ஊருக்குக் காட்ட மாட்டேன். ஃபெயில் போட்டுக்கோங்க.”

“நல்ல வசனம். இப்ப வந்ததா, எழுதி வச்சிருந்தியா?”

அவ்வளவுதான், பெண் உடைந்துவிட்டாள். தேம்பலில் தோள் குலுங்கியது. அந்த அழுகையையும் நீங்கள் கொஞ்ச நேரம் பரிசோதித்தீர்கள் என்பதை ஒலிப்பதிவு ஆசிரியை கண்ணால் கண்டார். பிறகு உங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். தூசி என்றீர்கள். அந்தத் தூசியை நாங்கள் இன்றுவரை நம்பவில்லை.

“நீ காட்டவும் வேணாம், மறைக்கவும் வேணாம். பேசினது உங்கம்மா. அவங்ககிட்ட கேட்டியா?” என்றீர்கள்.

அவள் கேட்டிருக்கவில்லை.

அம்மா வந்தார், தோளில் பயணப் பையோடு. அன்றுதான் புது வேலைக்குப் புறப்படும் நாள். பெரிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பா வராந்தாவிலேயே நின்றுவிட்டார். ஒளிப்பதிவு ஆசிரியர் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. “உள்ள வர மாட்டார், கூச்சம். பெட்டியை மட்டும் யார்கிட்டயும் தர மாட்டேங்கறார்” என்றார் அம்மா.

இரண்டு டேக்குகளையும் அடுத்தடுத்து ஓட்டினீர்கள். அம்மா திரையைப் பார்த்தார். தும்பி அம்மாவைப் பார்த்தாள். ஒலிப்பதிவு ஆசிரியை, தன் பேச்சு வரப்போகும் இடம் நெருங்க நெருங்க நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். ‘மேமுக்கு அனுப்பினேன்’ என்ற இடத்தில் அம்மா திரும்பி, “நீங்கதானா அது?” என்றார்.

“நான்தாங்க. மன்னிச்சிடுங்க. நீங்க பேசினதை நான் கேக்கவே இல்ல.”

“எதுக்கு மன்னிப்பு? வாழ்க்கையில எத்தனை சண்டை போட்டிருக்கோம். முடிஞ்சப்புறம் குளிக்கும்போதுதான் தோணும், அடடா, இதைச் சொல்லாம விட்டோமேன்னு. அன்னிக்கு ஒரு தடவைதான், மறுபடி முதல்லேருந்து பேசுங்கன்னு யாரோ சொன்னாங்க. பிரிட்ஜ் நின்னுச்சு. வீடு அமைதியாச்சு. நான் அதுக்கு முன்னாடி கெஞ்சினது எனக்கே கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் போறேன்னு வந்துச்சு.”

பிறகு மகளிடம் சொன்னார்: “ரெண்டையும் போடு. கெஞ்சினதும் நான்தான், போறேன்னதும் நான்தான். பாதி அம்மாவைக் காட்டி நீ பட்டம் வாங்க வேணாம்.”

நீங்கள் வழக்கம்போல் விடவில்லை. “இவ கேமராவை நிறுத்தின பிறகு உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொல்லியிருப்பாரே. என்ன சொன்னார்?”

அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வராந்தாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, புதுப்பெண் சிரிப்பதைப் போல.

“அதை மட்டும் சொல்ல மாட்டேன் சார்” என்றார்.

ஐயா, உங்களோடு இத்தனை ஆண்டு பணியாற்றியதில், ஒருவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் நீங்கள் ஏற்றுக்கொண்டதை அன்றுதான் பார்த்தோம். எழுந்து நின்று கும்பிட்டீர்கள்.

தும்பியின் படம் இரண்டு டேக்குகளோடும், நடுவே பிரிட்ஜ் அணையும் ‘டக்’ என்ற ஓசையோடும் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போனது. மறுபடி நடத்தக் கூடாது என்ற விதி மீறப்பட்டதை நீங்களே எழுதினீர்கள். மீறியதை மறைக்காமல் காட்டியிருப்பதால் தேர்ச்சி தரலாம் என்றும் எழுதினீர்கள். வழிகாட்டி ஆசிரியையின் தவறு என்று ஒரு வரி சேர்க்கும்படி அவரே கேட்டபோது, “படத்துல இருக்கே, அது போதும்” என்றீர்கள். தும்பி பட்டம் வாங்கினாள். விழாவுக்குப் போனது ஒளிப்பதிவு ஆசிரியரின் மாணவன் எடுத்த படம்தான். அவர் வீட்டில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

உண்மையை ஊடுருவி உரைத்த உத்தமரே! உங்கள் சந்தேகத்தால் உறக்கம் இழந்தோர் பலர். அதனால் உயர்ந்தோர் அவர்களினும் பலர். இனி வரும் நாட்களில் மருத்துவர் உங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் நம்பாதீர்கள். மூப்பு வந்து கதவைத் தட்டினால், யார் அனுப்பினார்கள் என்று விசாரித்து வெளியிலேயே நிறுத்தி வையுங்கள். உடல்நலமும் உள்ளநலமும் உங்களை விட்டு ஓரடியும் நகராமல், இல்லத்தார் சிரிப்பொலி சூழ நெடுங்காலம் நிறைவாக வாழ்க என்று மனமார வாழ்த்துகிறோம்.

இந்த வாழ்த்தை மட்டும் சந்தேகிக்காதீர்கள், ஐயா.

என்றும் உங்கள் அன்பில்,
திரைக்கலைப் பட்டப்படிப்புத் துறையின்
ஆசிரியர்களும் அலுவலர்களும்