இரண்டாவது ரத்தப் பரிசோதனை

— கொலஸ்ட்ரால் நார்மல்னு போட்டிருக்கான், பிலோ. சுகரும் நார்மல். அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு இருக்கே?

— கடைசிப் பக்கத்தைப் பாருங்க. சி.ஆர்.பி.

— நாலு புள்ளி எட்டு. இன்னா இது?

— உடம்புக்குள்ள எங்கயோ அழற்சி இருக்குன்னு காட்டுற டெஸ்ட். என்னை மாதிரி ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ரெண்டுக்குக் கீழ இருந்தா நல்லதுன்னு டாக்டர் மமதா சொன்னாங்க. கொழுப்பு குறைஞ்சாலும் இது எறங்காமலே இருந்தா, மறுபடியும் அட்டாக் வர வாய்ப்பு ஜாஸ்தியாம்.

— சளி புடிச்சாகூட ஏறும்னு நம்ம மெடிக்கல் ஷாப் தேசிகன் சொல்றான். ஹோக்லி பிடு, விட்டுத் தள்ளு.

— அதுக்குத்தான் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாத நேரமாப் பாத்து ரெண்டாவது தடவை எடுக்கச் சொன்னாங்க. அப்பவும் எறங்கல.

— ஹோக்லி பிடும்மா. மாத்திரைதான் தர்றாங்க இல்ல?

— அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க, யூஜின். தாடை வலிக்குது, மூச்சு முட்டுதுன்னு சுவத்தைப் புடிச்சிக்கினு நின்னேன். வெறும் கேஸு, ஹோக்லி பிடுன்னு சோடா ஒடைச்சுக் குடுத்தீங்க. நம்ம பொண்ணு ஜெனிஃபர் ஹெப்பகோடியில இருந்தே போன்ல கத்தி ஆம்புலன்ஸை அனுப்பலன்னா, இன்னிக்கு என் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பீங்க.

— எத்தினி வாட்டிதான் சொல்லிக் காட்டுவே?

— சொல்லிக் காட்டல. இனிமே யாரையும் நம்பி ஒக்கார மாட்டேங்கறேன். ஈறு வீங்கியிருந்துச்சு, சொத்தைப் பல்லைப் புடுங்கியாச்சு. காலையில லிங்கராஜபுரம் மேம்பாலம் வரைக்கும் நடக்கிறேன். மாத்திரை ஒரு வேளை தவறல. இன்னும் ஏன் எறங்கலன்னு டாக்டரையே கேட்டேன்.

— இன்னா சொன்னாங்க?

— வீட்டுல யாராவது சிகரெட் புடிக்கிறாங்களான்னு கேட்டாங்க.

— ... அதான் காரணம்னு சொல்லிட்டாங்களா?

— அது ஒண்ணுதான்னு சொல்ல முடியாதாம். ஆனா பக்கத்துல ஒருத்தர் ஊதுற புகைகூட இந்த இதயத்துக்கு ஆகாதுன்னாங்க.

— நான் பாத்ரூம்லதானே புடிக்கிறேன்? கதவைக்கூட சாத்திக்கிறேன்.

— அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் என் கட்டில் இருக்குது. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாளா கெஞ்சறேன். ஈஸ்டருக்கு விடறேன்னீங்க. மாதா திருவிழாவுக்கு விடறேன்னீங்க.

— கிறிஸ்மஸுக்குக் கண்டிப்பா. மாதா மேல சத்தியம். சரி, டாக்டர்கிட்ட என் மானத்தை வாங்கிட்டியா?

— இல்ல. வீட்டுல யாரும் புடிக்கிறதில்லன்னுதான் சொன்னேன்.

— பாத்தியா! என்னை விட்டுக் குடுக்காம, டாக்டர்கிட்டயே பொய் சொல்லியிருக்கே!

— பொய் இல்லீங்க. நான் ஜெனிஃபர் வீட்டைச் சொன்னேன். என் துணிமணி, மாத்திரை எல்லாம் காலையிலயே அங்க போயிடுச்சு. உங்ககிட்ட சாவியைக் குடுக்கத்தான் வந்தேன்.